மடக்குக் கத்தியின் இரு பக்கச் சரிவும் ஒத்துவரத் தீட்டுவது எப்படி

"இந்தப் பக்கம் பத்து இழுப்பு, திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பத்து இழுப்பு." இதை முதலில் யார் சொன்னார்களோ, கத்தி தீட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் உள்ள என் பிளாட்டுக்குக் கத்தியும் கையுமாக வந்து நிற்கிறார்கள். "அண்ணே, எண்ணி எண்ணித்தான் தேய்த்தேன். ஒரு பக்கம் பட்டையாக இருக்கிறது, மறுபக்கம் நூல் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். தொல்லையே எண்ணியதில்தான் இருக்கிறது. கத்தியைத் திருப்பியதும் மணிக்கட்டு வேறு மாதிரி மடங்குகிறது, விரல் வேறு இடத்தில் அழுத்துகிறது, கோணமும் மாறிவிடுகிறது. இத்தனையும் மாறிய பிறகு எண்ணிக்கை மட்டும் ஒன்றாக இருந்து என்ன பயன்?

நான் பிறை என்ற ஊரில் ஓர் இயந்திரப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பரப்புகள் சரியாக உட்கார வேண்டுமென்றால் அங்கே யாரும் எண்ணிக்கொண்டு சுரண்ட மாட்டார்கள். சமதளப் பலகையில் நீல மையைத் தடவி, அதன் மேல் வேலைப் பொருளை வைத்து லேசாக நகர்த்தி எடுப்போம். மை ஒட்டிய இடம் மேடு, ஆகவே அங்கே மட்டும் சுரண்டுவோம். கத்திக்கும் அதே நியாயம்தான். பார்க்க வேண்டும், தடவ வேண்டும், அதன் பிறகுதான் தேய்க்க வேண்டும்.

கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அலகின் பக்கம் முடிகிற இடத்தில் மெல்லிய பட்டை ஒன்று தனியாக மின்னும். அதைத்தான் சரிவு என்கிறேன். திருப்பினால் மறுபக்கமும் அதே அகலத்தில் தெரிய வேண்டும். இது அழகுக்காக மட்டும் அல்ல. சரிவுகள் ஏறுக்குமாறாக இருந்தால் வாய் நடுக்கோட்டை விட்டு ஒதுங்கிவிடும். அப்படிப்பட்ட கத்தியால் மரத்தைச் சீவினால் ஒரு பக்கம் ஆழமாகக் கடிக்கும், மறுபக்கம் வழுக்கும். அட்டைப் பெட்டியைக் கீறினால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு விதிவிலக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மடக்குக் கத்திகள் பலவற்றில் சரிவு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை அவை. 'சரிசெய்கிறேன்' என்று இறங்கி அவற்றைக் கெடுத்துவிடாதீர்கள்.

அகலம் ஏன் மாறுகிறது

இரும்பில் இரண்டு காரணங்கள், ஆளிடம் ஒரு காரணம்.

முதலாவது கோணம். சரிவு தொடங்கும் இடத்தில் அலகின் கனம் 0.6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 20 பாகையில் தீட்டினால் சரிவின் அகலம் சுமார் 0.9 மி.மீ. வரும். 15 பாகையில் தீட்டினால் சுமார் 1.2 மி.மீ. வரும். கோணம் தாழத் தாழச் சரிவு அகலும்.

இரண்டாவது கனம். கோணத்தை 20 பாகையிலேயே வைத்துக்கொண்டு, அலகு 0.8 மி.மீ. கனமாக இருக்கும் இடத்துக்குப் போனால் அங்கேயும் 1.2 மி.மீ. தான் வரும். ஆகவே அகலத்தை மட்டும் பார்த்துக் கோணம் பிசகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பல மடக்குக் கத்திகளில் நுனிப் பக்கம் வாய்க்கு மேலே இரும்பு சற்றுக் கனத்திருக்கும். கோணம் இம்மி பிசகாமல் தீட்டினாலும் அங்கே சரிவு அகன்றுதான் தெரியும். அதைப் பார்த்துப் பதறி நுனியைக் கரைக்காதீர்கள். கத்தியின் அடியையும் (பிடியை ஒட்டிய பகுதி) நுனியையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. இடப் பக்க நுனியை வலப் பக்க நுனியோடு ஒப்பிட வேண்டும், இடப் பக்க அடியை வலப் பக்க அடியோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது காரணத்தைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எந்தப் பக்கத்தில் தொடங்குகிறீர்கள் என்பது அது. மழுங்கிய கத்தியின் முதல் பக்கத்தைத் தேய்த்துப் பிசிர் (மறுபக்கம் மடிந்து எழும் மெல்லிய இரும்பு விளிம்பு) எழுப்ப நெடுநேரம் ஆகும், ஏனென்றால் இருந்த மழுங்கல் முழுவதையும் அந்தப் பக்கமே கரைத்துத் தீர்க்கிறது. திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் கொஞ்ச நேரத்திலேயே பிசிர் வந்துவிடும். எப்போதும் கைக்குச் சுளுவான பக்கத்திலேயே தொடங்குகிறவரின் கத்தியில் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம்தான் கூடுதலாகத் தேயும். சில வருடங்களில் அது பட்டையாகிவிடும். ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: குறுகலாக இருக்கும் பக்கத்தில் தொடங்குங்கள். கோணம் ஓரளவு சரியாக இருந்தால் இது ஒன்றே பாதிக் குறையைத் தீர்த்துவிடும்.

கல்

இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் இருமுகக் கறுப்புத் தீட்டுக்கல்லில் சொரசொரப்பு அதிகம். வெட்டுக்கத்திக்கு அது போதும், பேனாக்கத்திக்கு முரடு. 1000 எண் கொண்ட நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல், எண் கூடினால் சொரசொரப்பு குறையும்) ஒன்று இருந்தால் மடக்குக் கத்திக்கான வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். கிங் 1000 போன்ற கல்லைக் குமிழ் அடங்கும் வரை, அதாவது ஐந்து பத்து நிமிடம், தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ஷாப்டன் குரோமாக்கு போன்றவற்றை ஊற வைக்கக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். வாய் உடைந்திருந்தால் மட்டும் 400 எண் கல் தேவைப்படும். மெருகுக்கு 3000 இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கல் எதுவானாலும் அதன் முகம் சமமாக இருக்க வேண்டும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தீட்டுக்கல் வாங்கி வருகிறார்கள். நேர்கோலை வைத்துப் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும். குழிந்த கல்லில் கோணம் இழுப்புக்கு இழுப்பு மாறும், எத்தனை கவனமாகப் பிடித்தாலும் சரிவு உருண்டுவிடும். இதற்கு மருந்து எளிது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். 120 அல்லது 220 எண் நீர் உப்புத்தாளை ஒரு தட்டையான தரை ஓட்டின் மேல் விரித்து நனைத்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் அழிந்துவிட்டால் கல் சமமாகிவிட்டது. நடுவில் மட்டும் கோடு மிச்சம் இருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

கல்லின் அடியில் ஈரத்துணி போட்டு அது நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையின் உயரமும் முக்கியம். நின்றுகொண்டு தீட்டும்போது முழங்கைகள் உடம்போடு ஒட்டியபடி லேசாக மடங்கியிருக்க வேண்டும். தரையில் குந்தித் தீட்டினால் தோள் ஏறி இறங்கும், கூடவே கோணமும் ஏறி இறங்கும்.

மை பூசிப் பாருங்கள்

நீல மைக்குப் பதில் அழியா மை மார்க்கர் பேனா போதும், கறுப்போ நீலமோ. இரு பக்கச் சரிவிலும் அடியிலிருந்து நுனி வரை பூசிக் காயவிடுங்கள்.

இனிக் கோணம். சுவிஸ் ராணுவக் கத்தி தயாரிக்கும் விக்டரினாக்ஸ், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை தீட்டச் சொல்கிறது. பெரும்பாலான மடக்குக் கத்திகளுக்கு அது பொருந்தும். அதைக் கண்மதிப்பில் பிடிக்க வேண்டாம், அளந்துவிடலாம். வாயிலிருந்து முதுகு வரை அலகின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து 0.26-ஆல் பெருக்கினால் 15 பாகைக்கான உயரம் வரும், 0.34-ஆல் பெருக்கினால் 20 பாகைக்கானது வரும். 15 மி.மீ. அகலமுள்ள அலகுக்கு 20 பாகை வேண்டுமென்றால் முதுகு கல்லிலிருந்து 5.1 மி.மீ. எழும்ப வேண்டும். இது முதுகின் நடுவிலிருந்து எடுக்கும் கணக்கு. முதுகின் கனம் 2 மி.மீ. என்றால் அதில் பாதியைக் கழித்து, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே தெரியும் இடைவெளி ஏறத்தாழ 4 மி.மீ. என்று கொள்ளுங்கள். சென் காசுகளை அடுக்கி அளவுகோலால் அளந்து 4 மி.மீ. அடுக்கு ஒன்று செய்து, பசை நாடாவால் ஒட்டி வையுங்கள். தொடங்கும் முன் முதுகை அதன் மேல் சாய்த்தால் கை அந்த உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அடுக்கை எடுத்துவிடலாம். திருப்பிப் போடும் ஒவ்வொரு முறையும் மறுபடி சாய்த்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அந்தக் கோணத்தில் லேசாக இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட்டு, துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால், இருக்கும் சரிவைவிட உங்கள் கோணம் உயரம். மேல் ஓரத்தில், சரிவு அலகோடு சேரும் தோளில் மட்டும் அழிந்திருந்தால், உங்கள் கோணம் தாழ்வு. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அழிந்திருந்தால் கத்தியின் கோணத்தைப் பிடித்துவிட்டீர்கள். நீளவாக்கிலும் பாருங்கள். நடுவில் அழிந்து, அடியில் இரண்டு விரற்கடை தூரத்துக்குக் கறுப்பு அப்படியே இருக்கிறதா? அங்கே கல் படவே இல்லை என்று பொருள். இதே சோதனையை மறுபக்கத்திலும் செய்யுங்கள். எந்தப் பக்கத்துக் குறை எங்கே இருக்கிறது என்பது, ஒரு துளி இரும்பை வீணாக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தேய்ப்பு

கை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. இரு கையும் சமமாகப் பழகியவர்கள் மாற்றலாம், மற்றவர்களுக்கு அது புதிய தலைவலி. கல்லை உங்களுக்கு நேராக நீளவாக்கில் வையுங்கள். பிடியை வலது கையில் பிடித்து, வாய் உங்களைப் பார்த்தபடி இருந்தால் வெளியே தள்ளும்போது அழுத்துங்கள். திருப்பிப் போட்டு, வாய் வெளியே பார்த்தபடி இருந்தால் உங்கள் பக்கம் இழுக்கும்போது அழுத்துங்கள். இரண்டிலும் முதுகு முன்னே போகும், வாய் பின்னே வரும். திரும்பி வரும்போது அழுத்தம் வேண்டாம், கத்தி கல்லைத் தொட்டுக்கொண்டு வந்தால் போதும்.

இடது கையின் இரண்டு விரல்களை வாய்க்குச் சற்று மேலே, அலகின் மீது வையுங்கள். விரல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கல் கடிக்கும். ஆகவே கத்தியைப் பகுதி பகுதியாகத் தீட்டுவதே வசதி. முதலில் அடி, பிறகு நடு, பிறகு வளைவு. மடக்குக் கத்தி சிறியது என்பதால் மூன்று இடம் போதும். மறுபக்கத்திலும் விரலை அதே மூன்று இடங்களில் வைக்க வேண்டும். பலர் ஒரு பக்கம் அடியிலிருந்து நுனிக்கும், மறுபக்கம் நுனியிலிருந்து அடிக்கும் போய்விட்டு, அடி மட்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்கிறார்கள்.

எத்தனை முறை தேய்ப்பது? பிசிர் எழும் வரை. வாய் மறுபக்கம் மெல்ல மடிந்து எழும் இரும்பின் விளிம்பு அது. தீட்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்து, அப்படியே காற்றில் விட்டுவிடுங்கள். விரலை ஒருபோதும் வாயின் நீளத்துக்கு ஓட்டக் கூடாது. பிசிர் இருந்தால் நகத்தில் மாட்டுவதுபோல ஒரு சிறு தடை தெரியும். அடியில் தெரிகிறதா, நடுவில் தெரிகிறதா, நுனியில் தெரிகிறதா என்று தனித்தனியாகத் தடவுங்கள். நடுவில் வந்துவிட்டு அடியில் வரவில்லை என்றால் அடியை மட்டும் தேயுங்கள். நடுவை அத்தோடு விட்டுவிட வேண்டும். பிசிர் எழுந்த இடத்தில் மேலும் தேய்க்கும் ஒவ்வொரு இழுப்பும் அந்த இடத்தை மறுபக்கத்தைவிட அகலமாக்கும். பத்துப் பத்தாக எண்ணுகிறவர்களின் கத்தி கெடுவது இங்கேதான்.

ஆரம்பத்தில் அழுத்தம் மிதமாக இருக்கலாம். இரு பக்கமும் பிசிர் வந்த பிறகு கத்தியின் எடையே போதும்.

அடியில் ஒரு சங்கடம் உண்டு. வாய் முடிந்து அலகு தடிக்கும் இடம் கல்லின் விளிம்பில் முட்டினால், அதற்கு முன்னால் உள்ள வாய் கல்லில் படாது. வருடக்கணக்கில் இப்படியே தீட்டினால் அங்கே ஒரு திட்டு உயர்ந்து நின்று, அதற்கடுத்து வாய் உள்வாங்கிவிடும். கத்தியைச் சற்றுக் கோணலாக வைத்து, தடித்த பகுதி கல்லின் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவும் நுனியும்

நேர்ப் பகுதியில் சரியாக வந்த சரிவு, வளைவில் போய்க் குலையும். வாய் நுனியை நோக்கி மேலே வளைவதால் பிடியை இருந்த நிலையிலேயே வைத்திருந்தால் அந்தப் பகுதி கல்லை விட்டு எழும்பி நிற்கும். அதைக் கல்லில் படவைக்க இரண்டு அசைவுகள் வேண்டும். பிடியை மெல்லப் பக்கவாட்டில் திருப்பி, தேயும் இடத்தில் உள்ள வாய் எப்போதும் இழுப்புத் திசைக்குக் குறுக்காகவே இருக்கும்படி செய்ய வேண்டும். கூடவே பிடியைச் சற்று உயர்த்த வேண்டும். சற்று என்றால் மிகவும் சற்று. அதிகமாக உயர்த்தினால் கோணம் ஏறி நுனியில் சரிவு குறுகும். உயர்த்தாமல் அலகைப் படுக்கவைத்து உருட்டினால் கோணம் தாழ்ந்து சரிவு அகலும். எவ்வளவு உயர்த்துவது என்று மைதான் சொல்லும், ஆகவே வளைவுக்கு மட்டும் மறுபடி மை பூசி, மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

நுனி கல்லின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழக் கூடாது. விழுந்தால் கூர்நுனி உருண்டுவிடும். கல்லின் மேலேயே இழுப்பை நிறுத்தித் தூக்கிவிடுங்கள்.

ஒரு பக்கம் அகலமாகவே இருந்தால்

புதுக் கத்தியே சில நேரம் அப்படித்தான் வரும். மையைப் பூசி, இரு பக்கமும் ஒரே காசு அடுக்கின் உயரத்தில் சோதியுங்கள்.

இரு பக்கமும் மை சீராக அழிந்தால் கோணம் ஒன்றுதான், வாய்தான் ஒதுங்கியிருக்கிறது. குறுகிய பக்கத்தை மட்டும் தேயுங்கள். அந்தப் பக்கத்தில் இரும்பு குறையக் குறைய வாய் நடுக்கோட்டுக்கு நகரும். குறுகியது அகல, அகன்றது தானாகவே சுருங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஒத்துவிடும், ஆகவே அடிக்கடி துடைத்துப் பாருங்கள்.

குறுகிய பக்கத்தில் சீராக அழிந்து, அகன்ற பக்கத்தில் வாயோரம் மட்டும் அழிந்தால், அகன்ற பக்கம் தாழ்ந்த கோணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. அதை உயர்த்தப் போனால் வாய் தேயும், கத்தி சிறுக்கும். குறுகிய பக்கத்தைத் தாழ்ந்த கோணத்துக்குக் கொண்டுவருவதே சிக்கனம், ஏனென்றால் கல் தோளை மட்டுமே கரைக்கும், வாய் கடைசியில்தான் தொடும். அந்தத் தாழ்ந்த கோணம் 15 பாகைக்கும் கீழே போயிருந்தால் மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம். சாதாரணப் பேனாக்கத்தியின் இரும்பு அவ்வளவு மெல்லிய வாயைத் தாங்காது, மடங்கிவிடும்.

எந்த நிலையானாலும் ஒரே உட்காரலில் சரிசெய்தே தீருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். மயிரிழை வித்தியாசம் வெட்டுக்குத் தெரியாது. அடுத்தடுத்துத் தீட்டும்போதெல்லாம் குறுகிய பக்கத்தில் தொடங்கினால் போதும், கத்தியின் ஆயுளையும் குறைக்காமல் சரிவு ஒத்துவரும்.

பிசிரை எடுப்பது

இப்போது முறை மாறும். சொரசொரப்பு குறைந்த கல்லில், வாய் முன்னே போகும்படி, கத்தியின் எடை மட்டும் பட, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுங்கள். இங்கே மட்டும் சமமாக மாற்றுவது சரி, ஏனென்றால் இங்கே இரும்பைக் குறைப்பது நோக்கமல்ல. விரலில் தடை அடங்கிய பிறகு தோல் வாரிலோ, பலகை மேல் விரித்த நாளிதழ்த் தாளிலோ முதுகுப் பக்கமாகச் சில முறை இழுத்துவிடுங்கள். நன்கு தீட்டிய வாயை விளக்குக்கு நேரே பிடித்தால் எங்கும் வெள்ளை மினுக்கல் தெரியாது. தெரிந்தால் அந்த இடம் இன்னும் மழுங்கல்.

கல்லின் சேறு பிடிக்குள் புகுந்துவிடும். கழுவி, உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டுக் கனிம எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். துருப்பிடிக்கும் எஃகு அலகானால் பினாங்கின் கடற்காற்று ஒரே இரவில் வேலையைக் காட்டிவிடும், அலகிலும் எண்ணெய் தடவுங்கள். ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்தியைத் தண்ணீரில் ஊறவிட்டால் மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று. தீட்டிய கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறிப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது, தாக்கும் ஆயுதங்கள் தொடர்பான 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பெரிய குற்றம். வேலைக்குத் தேவை என்றால் வேலைச் சாமான் பெட்டியிலேயே, தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். மற்றவர்கள் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.